வரப்பில் இறங்கிய வீடு

ஜாவாவின் கிராமங்களில் வீடு ஒருவருக்குச் சொந்தமாக இருக்கும், அது நிற்கும் மண் வேறொருவருக்குச் சொந்தமாக இருக்கும். யாரும் அதை வினோதமாக நினைப்பதில்லை. மரவீடுதானே. மனஸ்தாபம் வந்தால் நாலு பேரைக் கூப்பிட்டு வீட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். போக வழி இருந்தால் போதும்.

சரிந்தெனுக்கு அந்த வழிதான் இல்லாமல் போயிற்று.

அவளுக்கு ஐம்பத்தாறு வயது. புருஷன் போய் இரண்டு வருஷம். புருஷனின் தம்பி ரெசோ ஒரு நாள் கிராமத் தலைவரையும் கூட்டிக்கொண்டு வந்து, குரலை உயர்த்தாமல் விஷயத்தைச் சொன்னார்.

"யூ, இந்த மனை என் பாகத்துக்கு வந்தது. அண்ணனுக்காக இத்தனை நாள் பேசாம இருந்தேன். இப்போ என் பொண்ணுக்குக் கல்யாணம். அவளுக்கு இங்கே வீடு கட்டணும். உங்க வீட்டை நீங்க எடுத்துக்குங்க."

அக்காவையும் அண்ணியையும் அங்கே 'யூ' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"எப்போ எடுக்கணும்?"

"வர்ற செவ்வாய்க் கிளிவோன் வரைக்கும் பொறுக்கிறேன். அதுக்கு மேல மனையில என்ன நிக்குதோ, அது மனையோட சேர்ந்தது."

கிளிவோன் என்பது அவர்களுடைய ஐந்து நாள் சந்தைக் கணக்கில் ஒரு நாள். அது செவ்வாய்க்கிழமையோடு சேர்ந்து வருவது முப்பத்தைந்து நாளுக்கு ஒரு முறை. போன தடவை சேர்ந்தது நேற்றுத்தான். ஆக, சரிந்தென் கையில் முப்பத்து நாலு நாள் இருந்தது. தலைவரும் தலையாட்டிவிட்டார்.

ரெசோவைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். மழைக்காலத்தில் ஊரார் கூரை ஓட்டையெல்லாம் அடைத்துக் கொடுப்பவர் அவர். தன் பங்கு என்று வந்தால் மட்டும் வேறு ஆள்.

போய் இறங்க சரிந்தெனுக்கு இடம் இருந்தது. வயல்களைத் தாண்டி மலையடிவாரத்தில் அவள் அம்மாவின் மனை சும்மா கிடந்தது. ஓடு, பலகை, கதவு, தூண் எல்லாவற்றையும் ஒருவர் பின் ஒருவராக வரப்பு வழியே சுமந்துவிடலாம். சிக்கல் கூரைச் சட்டத்தில் வந்தது. நாலு தேக்கு உத்தரங்களையும் விட்டங்களையும் மர ஆணி போட்டுக் கோத்த சட்டம் அது. தச்சர் தட்டிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

"அறுபது வருஷத்துல ஆணியும் கட்டையும் ஒண்ணாயிடுச்சு. பிரிச்சா பிளந்துடும், அப்புறம் அடுப்புக்குத்தான். முழுசாத் தூக்கணும். வந்தப்பவும் முழுசாத்தான் வந்துச்சாம், இதே வழியில."

இதே வழி என்று அவர் சொன்னது பெரிய வரப்பை. ஒரு பக்கம் ஆழமான வாய்க்கால், மறு பக்கம் வரிசையாகப் பதினோரு பேர் வயல். தச்சரின் அப்பா காலத்தில் அதில் மாட்டுவண்டி போயிருக்கிறது. இப்போது பூனைகூட யோசித்துத்தான் கால் வைக்கும். நடவுக்கு முன்னால் எல்லாரும் மண்வெட்டியோடு வந்து வரப்போரம் செதுக்குவார்கள். புல் செதுக்குவதாகப் பெயர். புல்லோடு ஒரு விரல் மண்ணும் அவரவர் வயலுக்குள் விழும். ஒரு விரல்தானே என்று யாரும் அதைத் திருட்டில் சேர்ப்பதில்லை.

சரிந்தென் நேரே கியாய் மஸ்தூரிடம் போனாள். கியாய் என்றால் மார்க்கம் சொல்லிக்கொடுக்கும் குரு. இந்த குருவுக்கு வயது முப்பத்திரண்டு. காலையில் வயலில் இறங்குவார், பிற்பகலில் தொழுகைக்கூடத்தில் ஓதிக்கொடுப்பார். மாணவி அவரைவிட இருபத்து நாலு வயது மூத்தவள் என்று ஊர் கேலி செய்தது. அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புருஷன் போன பிறகு அவளுக்குள் கேள்விகள் நிறைய முளைத்திருந்தன. கேள்வி கேட்பதில் அவள் கெட்டிக்காரி. பதிலைக் கேட்டுக்கொள்வதில் அவ்வளவு கெட்டி இல்லை.

"கியாய், வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்துல சொல்லுங்க. பொது வழியைத் திங்கிறது பாவம்னு சொல்லுங்க."

"யாருக்குச் சொல்லணும்?"

"வரப்போரம் வயல் வச்சிருக்கிற அத்தனை பேருக்கும்."

கியாய் எழுந்தார். வாசலில் கிடந்த மூங்கில் கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

"அந்தப் பக்கம் பிடிங்க, யூ. இதை உங்கம்மா மனையில போட்டுட்டு வருவோம்."

"இது எதுக்கு இப்போ?"

"பிடிங்க."

கட்டிலை நடுவில் வைத்து ஆளுக்கொரு பக்கமாக வரப்பில் ஏறினார்கள். பத்தடிகூடப் போகவில்லை. சரிந்தெனின் கால் வழுக்கி அவள் சேற்றில் உட்கார்ந்தாள். அதே நொடியில் கியாய் வாய்க்காலுக்குள் போனார். கட்டில் மட்டும் வரப்பின்மேல் பத்திரமாக இருந்தது.

"எங்கே விழுந்தீங்க, யூ?" என்று வாய்க்காலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"தெரியலையா? வயல்ல!"

"யார் வயல்ல?"

அது அவள் வயல்தான், வரிசையில் முதல் வயல். முப்பது வருஷமாக அந்த ஓரத்தைச் செதுக்கியது அவள் கைதான். அவளைப்போல வழவழப்பாக வரப்புச் செதுக்க ஊரில் ஆள் கிடையாது என்று அவளுக்குப் பெருமை வேறு இருந்தது.

அவள் கட்டிலை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். அவர்மேல் பயங்கரக் கோபம்.

மறுநாள் விடிந்ததும் மண்வெட்டியோடு வந்தாள்.

நெல் பால் பிடித்திருந்தது. அறுப்புக்கு இன்னும் ஒரு மாதம். வரப்பை ஒட்டி மூன்று முழ அகலத்துக்கு அவள் பயிரைப் பிடுங்க ஆரம்பித்தாள். முதல் பிடியைப் பிடுங்கும்போது அழுதாள். இரண்டாவதுக்கும் அழுதாள். மூன்றாவதிலிருந்து அழ நேரமில்லை, வேலை நிறைய இருந்தது. சேற்றை அள்ளிப் போட்டாள், மிதித்தாள், காயவிட்டு மறுபடி மிதித்தாள்.

அடுத்த வயல்காரர் வேடிக்கை பார்க்க வந்தார்.

"பொது வழிக்கு நெல்லைக் கொடுத்த முதல் ஆள் நீங்கதான், யூ."

"முதல் ஆள்னு ஒருத்தர் இருந்தா ரெண்டாவது ஆளும் உண்டில்ல?"

"அது நான் இல்லை," என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஆறாம் நாள் அவள் சேற்றுக் காலோடு தொழுகைக்கூடத்து வாசலில் வந்து நின்றாள்.

"என் பங்கு முடிஞ்சுது, கியாய். இன்னும் பத்து வயல் இருக்கு. ஒருத்தரும் அசையல."

"கேட்டீங்களா?"

"கேட்டேன். சிரிக்கிறாங்க."

"ம்."

"கோவிச்சுக்காதீங்க, கியாய். நாலாவது வயல் யாரோடது?"

உள்ளே ஓதிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று நிறுத்திவிட்டார்கள். நாலாவது வயல் கியாயின் அப்பா அவருக்கு விட்டுப்போனது. ஊருக்கே தெரியும்.

கியாயின் முகம் காதுவரை சிவந்தது. கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டோமோ என்று சரிந்தெனுக்குத் தோன்றியது. ஆனாலும் கேள்வியை அவள் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

"என் கண்ணுக்கு அது படவே இல்லை, யூ," என்றார் கடைசியில். "உங்க மண்வெட்டியைக் கொஞ்சம் கொடுங்க. என்னோடது செதுக்கிச் செதுக்கியே மழுங்கிப்போச்சு."

தான் நட்ட பயிரைக் கியாயே பிடுங்கிக்கொண்டு சேற்றில் நிற்கும்போது யாருக்குச் சிரிப்பு வரும்? ஒருவர் வெட்கப்பட்டு வந்தார். ஒருவர் பெண்டாட்டி பிடுங்கிய பிடுங்கலில் வந்தார். அடுத்தவன் விட்டுவிட்டானே என்று விட்டவர் இரண்டு பேர். இன்னொருவர் பாதி அகலம் விட்டுவிட்டு முழுசும் விட்டதாகச் சாதித்தார். சரிந்தென் மூங்கில் கோலை வைத்து அளந்து காட்டியதும் முணுமுணுத்துக்கொண்டே மீதியை விட்டார். இப்படியாகப் பத்து வயலும் வழிவிட்டன. நாளும் முப்பது ஓடிவிட்டது.

பதினோராவது வயல் ரெசோவுடையது. அதைத் தாண்டினால் அம்மாவின் மனை. நாற்பது அடிதான். பள்ளமான வயல், அறுப்பு நாளிலும் முழங்கால் சேறு நிற்கும். வழி போட்டால்தான் பாரத்தோடு கடக்க முடியும்.

"என் நெல்லுல கை வைக்காதீங்க, யூ," என்றார் ரெசோ. "மனை விஷயத்துல முறைப்படி பேசினேன். நீங்களும் முறைப்படி எடுத்துட்டுப் போங்க."

"எது வழியா எடுத்துட்டுப் போறது?"

"அது என் கவலை இல்லை."

சரிந்தென் வீட்டுக்கு வந்து ஓடுகளை இறக்க ஆரம்பித்தாள்.

கெடுவுக்கு முந்தின நாள், திங்கட்கிழமை காலையில் நாற்பது ஆண்கள் வந்தார்கள். வீடு தூக்கக் கூப்பிட்டால் அந்த ஊரில் யாரும் மறுப்பதில்லை. வயிறு நிறையச் சோறும் காப்பியும் கொடுத்தால் போதும். சட்டத்தை இறக்கி, மூங்கில்களைக் குறுக்கே கட்டி, இரண்டு வரிசையாகத் தோள் கொடுத்தார்கள்.

"ஹொலோபிஸ்!" என்று ஒருவர் குரல் கொடுத்தார்.

"குந்துல் பாரிஸ்!" என்று நாற்பது பேரும் பதில் கொடுத்தார்கள். பாரம் தூக்கும்போது அவர்கள் போடும் சத்தம் அது.

கூரை வரப்பில் ஏறியது. ஒரு ஓரம் வாய்க்காலுக்கு மேலேயும் மறு ஓரம் நெற்கதிருக்கு மேலேயும் நீட்டிக்கொண்டு அசைந்து அசைந்து போயிற்று. ஒவ்வொரு வயல்காரரும் தன் பகுதி தாங்குகிறதா என்று குனிந்து பார்த்தார். நாலாவது வயலோரம் லேசாக அமுங்கியது.

"கியாய் மிதிச்ச இடம் இறங்குதுப்பா!"

பாரத்துக்கு அடியில் கியாயும் சிரித்தார்.

பத்தாவது வயல் முடியும் இடத்தில் எல்லாரும் நின்றார்கள். எதிரே ஒற்றை அடி வரப்பின்மேல் ரெசோ கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

"யூ, நாற்பது பேர் இருக்கோம்," என்று முன்வரிசையில் ஒருவர் கிசுகிசுத்தார். "இவரை ஓரமா நிக்க வச்சிட்டு நாமே வெட்டிப் போட்டுடலாம். ஒரு மணி நேர வேலை."

சரிந்தெனுக்கும் அந்த ஆசைதான். உடம்பெல்லாம் அந்த ஆசை. கியாய் பக்கம் திரும்பினாள்.

"வெட்டலாமா, கியாய்?"

"தோள் வலிக்குது, யூ. எதுவானாலும் சீக்கிரம் சொல்லுங்க."

அவள் ரெசோவைப் பார்த்தாள். அவர் பின்னால் பழுத்துத் தலைசாய்ந்த நெல்லைப் பார்த்தாள்.

"இறக்குங்க. இங்கேயே."

மார்பளவு உயரத்துக்கு மூங்கில் முட்டுக் கொடுத்து வழிமேலேயே சட்டத்தை இறக்கினார்கள். சரிந்தென் அதன்மேல் நாலு தென்னோலையைப் போட்டு, அடியில் பாயை விரித்து, மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினாள். ஓடு, பலகை, கதவு, தூண் எல்லாம் அன்றைக்கே ஒவ்வொன்றாக வரப்பு வழியே அம்மாவின் மனைக்குப் போய்விட்டன. மறுநாள் செவ்வாய்க் கிளிவோன். தலைவர் வந்து காலி மனையைப் பார்த்தார், சரி என்று சொல்லிவிட்டுப் போனார். வீடு அவள் வீடாகவே தங்கிவிட்டது. நிற்க மண்தான் இல்லை.

ரெசோவுக்கும் திருப்தி. இரண்டு நாள் அவர் கூரைக்கு அடியில் குனிந்து வயலுக்குப் போய்வந்தார். மூன்றாம் நாள் அறுப்பு.

அறுத்த கட்டுகளைக் காவடியில் கட்டித் தூக்கியபோதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. ஊருக்குப் போக அந்த ஒரு வரப்புதான். ஆள் குனிந்து போகலாம், நெல் குனியாது. ஒரு பக்கம் வாய்க்கால். மறு பக்கம் பத்தாவது வயல்காரர் தன் அறுக்காத பயிருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"இதுல கால் வைக்காதீங்க, பாக்," என்று பெரியவருக்குரிய மரியாதையோடுதான் சொன்னார். "முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. அறுத்துப்போட்ட நெல் நனைந்தால் முளைவிட்டுவிடும்.

"யூ, வீட்டை நகர்த்துங்க!"

"எந்தப் பக்கம்?"

"பின்னாடி!"

"பின்னாடி எனக்கு இடம் ஏது, ரெசோ? நீதானே காலி பண்ணச் சொன்னே."

சேதி கேட்டு ஊர் திரண்டுவிட்டது. கூட்டத்தில் கியாயைப் பார்த்ததும் ரெசோ அவரைப் பிடித்துக்கொண்டார்.

"கியாய், நீங்களாவது சொல்லுங்க. இவங்களை நகரச் சொல்லுங்க."

"நகரத்தானே நிக்கிறாங்க, பாக்."

ரெசோ வானத்தைப் பார்த்தார். கட்டுகளைப் பார்த்தார். அவர் முகத்தில் பெண்ணின் கல்யாணம், வருஷத்துச் சாப்பாடு எல்லாம் வந்து போயின. சரிந்தெனுக்கு ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது. ஒரே கணம்தான்.

அவர் ஒருவரிடமிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டு வயலோரம் இறங்கினார். தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"எவ்வளவு அகலம் வேணும்?"

முப்பத்தேழு நாளாகச் சரிந்தென் இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருந்தாள். மூன்று முழம் போதும். அவமானத்துக்கு ஒரு முழம் கூடச் சேர்த்துக் கேட்க வேண்டும், ஊர் முன்னால், உரத்த குரலில். அவள் வாயைத் திறந்தாள்.

கியாய் முந்திக்கொண்டார்.

"உங்க நெல்லு வெளியே வர எவ்வளவு வேணுமோ அவ்வளவு விடுங்க, பாக். அவங்க வீடு அதுல போயிடும்."