பன்றியார் ஆடிய புல்மேடு

ஒரு காட்டில் ஒரு மேடு, மொட்டை அடித்த தலையாய்க் கிடந்தது குழந்தைகளே! ஒளிந்துகொள்ள ஒரு புல் கிடையாது. அங்கேதான் முயலம்மா தன் மூன்று குட்டிகளோடு இருந்தாள்.

தினமும் ஒரு பருந்து வந்து வட்டமிடும். "ஒன்று, இரண்டு, மூன்று" என்று குட்டிகளை எண்ணும். "நன்றாகக் கொழுத்து இருங்கள் செல்லங்களா! கார்த்திகை பிறந்ததும் விருந்துக்கு வருகிறேன்!"

குட்டிகள் ஒளிந்துகொள்ள மேட்டில் புல் வளர்த்துவிட வேண்டும் என்று முயலம்மா முடிவு செய்தாள். போன வருடம் சேர்த்து வைத்த கொழுக்கட்டைப் புல் விதையை வெளியே எடுத்தாள். பஞ்சு மாதிரி விதை, தும்மினால் பறந்துவிடும். ஆனால் ஒருமுறை வேர் பிடித்துவிட்டால், வெயிலில் காய்ந்தாலும் அடுத்த மழைக்கு அதே தூரில் துளிர்க்கும்.

விதை என்றதும் காட்டுப்பன்றியார் ஓடிவந்தார். தோண்டுவதில் தம்மை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு அவருக்கு.

"நகரு தங்கச்சி! விதை என்றால் ஒரு முழ ஆழம் வேண்டும்!"

"அண்ணே, இது இத்தனூண்டு விதையாச்சே?"

"சின்ன விதைக்குத்தான் குளிரும்! ஆழத்தில் கதகதப்பாகத் தூங்கட்டும்!"

அவள் வாயைத் திறப்பதற்குள் மேடெல்லாம் குழி! பாதி விதை மண்ணுக்குள் போய்விட்டது. மழை பெய்தது. நன்றாகத்தான் தூங்கின விதைகள், ஒன்றுகூட எழுந்திருக்கவில்லை.

"ஆழம் போதவில்லை!" என்று பன்றியார் மீதி விதைக்கு மூக்கை நீட்டினார்.

அப்போது முயலம்மா மான் தடத்தைப் பார்த்தாள். விதை சுமந்து வரும்போது அங்கே கொஞ்சம் சிந்தியிருந்தது. மான்கள் மிதித்த குளம்படிகளில் பச்சைப் பசேலென்று முளைகள்! யாரும் தோண்டவில்லை, யாரும் மூடவில்லை.

முயலம்மா தன் பஞ்சுக் காலைப் பார்த்தாள். பிறகு பன்றியாரின் குளம்பைப் பார்த்தாள்.

"அண்ணே, உங்கள் உழைப்புக்கு ஒரு பாராட்டு விழா! பூத் தூவி வரவேற்போம். நீங்கள் ஆட வேண்டும்!"

"எனக்கா? விழாவா?" பன்றியாருக்குத் தலைகால் புரியவில்லை.

குழிகளை மூடினார்கள். பூவுக்குப் பதிலாக முயலம்மா விதையைத் தூவினாள். குட்டிகள் பாட, பன்றியார் தைதக்க தைதக்க என்று ஆடினார். மேட்டில் ஒரு மூலை பாக்கியில்லை. "ஒன்ஸ்மோர்!" என்று குட்டிகள் கத்த, மறுபடியும் ஒரு சுற்று!

அடுத்த மழைக்கு மேடு பச்சையானது.

"பார்த்தாயா! ஆழத்தில் போட்டது இப்போதுதான் வருகிறது!"

"ஆமாம் அண்ணே. ஆனால் எல்லாம் உங்கள் காலடிக்குள்ளேயே முளைத்திருக்கிறதே?"

பன்றியார் குனிந்து பார்த்தார். காதுவரை சிவந்தார். பிறகு, "அடுத்த மொட்டை மேடு எங்கே? தூவு விதையை!" என்று குதித்தார்.

கார்த்திகை பிறந்தது. பருந்து பசியோடு வந்தது. "ஒன்று..." என்று தொடங்கியது. கீழே முழங்கால் உயரத்துக்குப் புல். "ஒன்று... ஒன்று..." என்று சுற்றிச் சுற்றிக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். புல்லுக்குள்ளிருந்து மூன்று சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

நீதி: உன் பலம் எவ்வளவு என்று பார்த்து வேலை செய்யாதே, வேலைக்கு எவ்வளவு வேண்டும் என்று பார்த்துச் செய்.