அடி எழுத்து

கோவை நாணயச் சங்கக் கூட்டத்தில் தலைவர் புருஷோத்தமன் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "இது என் டாலர் இல்லை" என்றார்.

அவருடையது அபூர்வமான அமெரிக்க வெள்ளி டாலர். முதலில் பதித்த நாணயச்சாலைக் குறியெழுத்தின் மேலேயே வேறொரு எழுத்தை அடித்திருப்பார்கள். அடியிலிருக்கும் அந்த முதல் எழுத்தின், அதாவது அடி எழுத்தின், விளிம்பு லேசாகத் தெரியும். அதைக் கண்டுபிடித்துச் சான்று கொடுப்பதில் அவரை மிஞ்ச ஊரில் ஆளில்லை.

"அடி எழுத்தையே காணோம். பெட்டியைத் துடைச்சவ இவதான். இப்பவே என் டாலர் வரணும், இல்லேன்னா போலீஸ்."

துப்புரவு வேலை பார்க்கும் செல்லக்கிளி எதையும் எடுக்கவில்லை. எடுக்காததை எங்கிருந்து கொண்டுவருவது?

"செயலாளர் ஐயாவைக் கூட அனுப்புங்க, கொண்டாந்து வைக்கிறோம். இந்தக் காசு அவர் பையிலயே இருக்கட்டும். அப்புறம் இதையும் நான்தான் எடுத்தேன்னு சொல்வீங்க."

செயலாளர் இம்மானுவேல் அந்த டாலரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவளோடு போனார். திரும்பி வந்ததும், அவள் வெளியே சொல்லிக் கொடுத்தபடி, ஒரு டாலரைப் பேசாமல் மேசையில் வைத்தார்.

தலைவர் பார்த்தார். "இதேதான். அடி எழுத்து பளிச்சுன்னு தெரியுது. எங்கே ஒளிச்சு வச்சிருந்தே?"

"வராண்டா வரைக்கும் நடந்துட்டு வந்தோம், ஐயா. அவ்வளவுதான்."

இம்மானுவேல் காலிப் பையை விரித்துக் காட்டினார். "சார், நீங்க இல்லேன்னு சொன்ன அதே டாலர்தான் இது."

தலைவரின் சான்றை நம்பி, வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து இதே மாதிரி ஒரு டாலர் வாங்கியிருந்த பல் டாக்டர் தில்ஷாத், தன்னுடையதை எடுத்து செல்லக்கிளியிடம் நீட்டினார்.

"இதுல ஏதாவது தெரியுதான்னு நீ பார்த்துச் சொல்லும்மா."