அந்தோணியின் ஐந்து எழுத்து

ஆவுடையப்பனுக்கு ஐம்பத்தொரு வயது. அவருக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்த செண்பகவல்லிக்கு முப்பத்தாறு. தன்னைவிட இளையவரிடம் கைகட்டிப் படிப்பதில் அவர் வெட்கப்பட்டதில்லை. வெட்கப்பட அவரிடம் வேறு காரியம் இருந்தது.

பாலைவனத்து லேபர் கேம்ப்பில் அவரும் மரிய அந்தோணியும் ஒன்பது வருஷம் ஒரே அறையில் கிடந்தவர்கள். ஒருவர் மட்டும் ஊர் திரும்ப வழி கிடைத்தது. ஆவுடையப்பன் முந்திக்கொண்டார். "ஒரே மாசம், உன்னையும் வெளிய எடுத்துருவேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். ஏழு மாதமாகியும் ஒன்றும் நடக்கவில்லை.

கேம்ப்பில் தமிழ் தெரிந்த ஒரு சூப்பர்வைசர் எல்லார் போனையும் வாங்கிப் படிப்பான். அவன் கண்ணில் மண்ணைத் தூவத்தான் ஆவுடையப்பன் தென்காசியில் செண்பகவல்லியிடம் சேர்ந்தார். ஓர் எழுத்துக்குப் பதில் இன்னோர் எழுத்தைப் போடுகிற சின்ன புரோகிராம். இடைவெளி மட்டும் அப்படியே இருக்கும். இரண்டு போனிலும் ஒரே அட்டவணை. சூப்பர்வைசர் பார்த்தால் உளறல், ஆவுடையப்பன் பார்த்தால் தமிழ்.

பிறகு அவருக்கு புத்தி கூடிப்போனது. ஒரே அட்டவணை என்றால் எவனாவது உட்கார்ந்து உடைத்துவிடுவான் என்று பயந்து, புரோகிராமுக்கு அச்சுமாதிரி இருக்கிற கிளாஸைத் திருத்தினார். இனி, புரோகிராமைத் திறக்கும்போதெல்லாம் அந்த அச்சிலிருந்து பிறக்கிற ஒவ்வொரு ஆப்ஜெக்டும் தனக்கென்று ஓர் அட்டவணையைக் குலுக்கிப்போட்டு உள்ளேயே பூட்டிக்கொள்ளும். அதன் நகலைத் தன் போனுக்கு அனுப்புகிற வரியை மட்டும் எழுத மறந்துவிட்டார். செண்பகவல்லியும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, நன்றாயிருக்கிறது என்று சொல்லியிருந்தார்.

ஆவுடையப்பன் அனுப்பிவைத்த அந்தப் புது புரோகிராமில் அந்தோணி ஒரே ஒரு வரி அடித்து அனுப்பினார். மூன்றாம் நாள் வேலையிடத்தில், வெயிலில் சுருண்டு விழுந்து செத்துப்போனார்.

ஒரு மாதம் கழித்து ஆவுடையப்பன் வந்து, போனை மேஜைமேல் வைத்தார். அதில் இருந்தது இவ்வளவுதான்.

கூளெணிபை ட

"இத உடைச்சுத் தாங்க டீச்சர்."

"அட்டவணை?"

"அவன் புரோகிராம மூடினதும் ஆப்ஜெக்ட்டோட சேந்து அதுவும் போச்சு."

"அவரு போன்?"

"போன் வரல. சவப்பெட்டிதான் வந்துச்சு."

செண்பகவல்லி போனை எடுத்து எழுத்துகளை எண்ணினார்.

"நீங்கதான சொன்னீங்க, அடிக்கடி வர்ற எழுத்த எண்ணிப் பாத்தா உடைச்சிரலாம்னு."

"நாலு பக்கக் கடிதாசின்னா உடைக்கலாம் அண்ணாச்சி. இதுல அஞ்சே எழுத்து. ஒண்ணுகூட ரெண்டு தடவ வரல. என்னத்த எண்ண?"

"நீங்க நெனச்சா முடியும்."

செண்பகவல்லி கீபோர்டை இழுத்து ஓர் அட்டவணை அடித்தார். புரோகிராமை ஓடவிட்டார். திரையில் வந்தது.

திரும்பி வா

ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "கூப்பிட்டிருக்கான் டீச்சர். நான் போகாம இருந்துட்டேனே."

செண்பகவல்லி வேறோர் அட்டவணை அடித்தார்.

மறந்து போ

இன்னொன்று அடித்தார்.

பொழச்சு போ

"இதுல எது நெசம்?"

"தெரியாது. நான் ஒரு வார்த்தைய நெனச்சுக்கிட்டு அதுக்குத் தக்கன அட்டவணையப் போட்டேன். மூணும் சரியாத்தான் பொருந்துது. இன்னும் நூறு பொருந்தும்."

"அப்போ அவன் என்ன சொன்னான்னு தெரியவே தெரியாதா?"

"தெரியாது அண்ணாச்சி. அன்னைக்கு நான் ஒரு தடவ ஓட்டிப் பாத்திருக்கணும். பாக்கல."

ஆவுடையப்பன் போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். எழுந்திருக்கவில்லை. பாவம், எங்கே போவார்?

"எனக்குத் தெரியும் டீச்சர்" என்றார் கடைசியில். "வீட்ல நானும் ஒரு அட்டவணை போட்டுப் பாத்தேன். கச்சிதமா உக்காந்துச்சு. வேற எதுவும் வராதான்னுதான் ஒங்ககிட்ட வந்தேன்."

"என்ன வந்துச்சு?"

"தொலஞ்சு போ."

செண்பகவல்லி அதை அடித்துப் பார்க்கவில்லை.

"ஒம்போது வருசத்துல அவரு உங்கள ஒரு தடவயாவது அப்படி ஏசியிருக்காரா?"

"அவனா? ஒருநாளும் கெடையாது. அவனுக்கு ஏசவே தெரியாது."

"அப்போ அந்த ரெண்டு வார்த்தையும் யாருது அண்ணாச்சி?"