அடிகளின் டாக்டர் பட்டம்

மருதவாண அடிகளின் மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூர் போகிறவர்கள் காரணத்தைச் சொல்லிவிட்டுப் போகவேண்டும். பொய்க் காரணம்கூடச் செல்லும். சொல்லாமல் போவதுதான் செல்லாது.

மடத்தில் தேவாரம் கற்றுத்தரும் சிஷ்யை கோமளவல்லி மெய்யையே சொன்னாள். ஸ்டவ் வெடித்துக் கன்னத்தில் உண்டான தழும்பை எடுக்கச் சென்னைக்குப் போகிறாள். திங்கட்கிழமை ஆபரேஷன்.

சொல்லிவிட்டு, உடம்பின் நிலையாமை பற்றி ஓர் உரையை எதிர்பார்த்துத் தலைகுனிந்து நின்றாள்.

"நிமிரம்மா. நானே போன வாரம்தான் பல் கட்டிக்கொண்டேன்" என்றார் அடிகள். "டாக்டர் யார்?"

"பெரிய ஆள், சாமி. அழகு சிகிச்சை நிபுணர். சுவரே தெரியவில்லை, அத்தனை சான்றிதழ்."

"என்ன படித்திருக்கிறார்? பிளாஸ்டிக் சர்ஜரி தனியாகப் படித்திருக்கிறாரா?"

"அவ்வளவு பெரியவரிடம் அதைப் போய் எப்படிக் கேட்பது?"

"கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிறவள் நீ."

"கத்தரிக்காய்க்குக் கோபம் வராதே, சாமி."

அடிகள் சிரித்துவிட்டார். "அந்தச் சான்றிதழெல்லாம் எதற்காம்?"

"வெளிநாட்டுப் பயிற்சிகள். போய் உட்கார்ந்தால் முடிவில் எல்லாருக்கும் கொடுப்பார்களாம். அவரே சொன்னார்."

கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த சட்டத்தை அடிகள் கைகாட்டினார். "அதைக் கழற்று."

கோமளவல்லி தூசியைத் துடைத்தாள். கண்ணாடிச் சட்டத்துக்குள் தங்க எழுத்தில் 'கௌரவ டாக்டர் மருதவாண அடிகள்' என்றிருந்தது.

"எப்போது கொடுத்தார்கள், நினைவிருக்கிறதா?"

"பட்டிமன்றத்துக்குத் தலைமை தாங்கப் போனீர்களே, அப்போது. பொன்னாடையோடு சேர்த்துக் கொடுத்தார்கள்."

"ஆக, நானும் டாக்டர்." அடிகள் வெற்றிலைப் பெட்டியிலிருந்து பாக்குவெட்டியை எடுத்தார். "படு. சென்னை வரைக்கும் எதற்கு?"

கோமளவல்லி கன்னத்தைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினாள். "விளையாடாதீர்கள், சாமி!"

"ஏன், சட்டம் போட்டு மாட்டியிருக்கிறதே."

"அதற்காக?"

"சரி, ஒன்று சொல். இந்தப் பட்டத்தில் நான் தேறாமல் போயிருக்க வழி உண்டா?"

அவள் யோசித்தாள். "இல்லை. மேடையேறினாலே போதும், கொடுத்திருப்பார்கள்."

அடிகள் பாக்குவெட்டியைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"திங்கட்கிழமை சென்னை டாக்டரிடமும் கேள், தேறாமல் போக வழியுள்ள பட்டம் அந்தச் சுவரில் எது என்று" என்றார். "பதில் வரும்வரை படுக்காதே."