கோட்டுக்கு வெளியே வந்த பந்து

"என் கால் போச்சு" என்றான் அருமைநாயகம்.

சாமி குனிந்து பார்த்தார். அவனுடைய வலது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். சந்தையில் பலாப்பழம் வாங்குகிறவர் போல அங்கங்கே தட்டியும் பார்த்தார்.

"இருக்கேண்ணே" என்றார்.

அருமைநாயகத்துக்கு ஆத்திரம் வந்தது. போயும் போயும் இந்த ஆளிடம் வந்தோமே என்று நினைத்தான்.

அப்படி நினைத்ததற்குக் காரணம் உண்டு. மேல்பாறை எஸ்டேட்டில் தேயிலை முடிகிற இடத்தில், பாறையை ஒட்டி இருந்தது அந்தச் சின்ன மடம். பெரிய சாமி காலமானபின் அங்கே வந்து உட்கார்ந்தவர் அருமைநாயகத்தைவிட வயதில் இளையவர். அது போதாதென்று, துறவியாவதற்கு முன்னால் அவர் எஸ்டேட் கால்பந்து அணியில் கோலியாக நின்றவர். நின்றவர் என்றுதான் சொல்ல வேண்டும். பந்தைப் பிடித்தவர் என்று சொன்னால் பாவம் சேரும். ஒரே ஆட்டத்தில் ஏழு கோல் விட்டுவிட்டு மறுவாரம் மடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். வெட்கத்தில்தான் காவி கட்டினார் என்று தோட்டமே சிரித்தது. அதை அவரிடமே சொன்னால், "ஏழு இல்ல, எட்டு" என்று திருத்துவார்.

அந்த ஆட்டத்தில் அவரை டேய் போட்டு, கண்ணை எங்கே வைத்துவிட்டு வந்தாய் என்று ஊர் முன்னால் கிழித்தவன் அருமைநாயகம். இப்போது அவரைச் சாமி என்று கூப்பிட அவனுக்கு நாக்கு வளையவில்லை. பழைய மாதிரி கூப்பிடவும் முடியாது. ஆகவே நீ, நீங்கள் எதுவும் வராமல், சுவரிடம் பேசுகிறவன் போலப் பேசிச் சமாளித்தான்.

சாமிக்கு அந்தச் சங்கடமெல்லாம் கிடையாது. அன்றைக்கும் அண்ணே, இன்றைக்கும் அண்ணேதான்.

டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். அருமைநாயகம் எல்லாவற்றையும் கொட்டினான்.

ஆட்டத்தில் யாரும் அவனை இடிக்கவில்லை. மழை ஈரத்தில் சும்மா திரும்பினான். முழங்காலுக்குள் எதுவோ அறுந்தது. கோயமுத்தூரில் ஆபரேஷன் ஆனது. நடக்கலாம், பேக்டரி வேலைக்குப் போகலாம், ஆனால் பந்து ஆட்டத்தை மறந்துவிடு என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அந்த வருஷம்தான் ஒரு மில் அணி அவனை வேலையோடு கூப்பிட்டிருந்தது. அந்த இடத்துக்கு இப்போது வேறு ஆள் போயாகிவிட்டது.

அதன்பிறகு அவன் மைதானத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. மறுநாள் கீழ்ப்பாறை எஸ்டேட்டோடு கோப்பை ஆட்டம். கேப்டன் செவத்தையன் வீடு தேடி வந்து, சும்மா வந்து உட்கார்ந்தால் போதும் என்று கெஞ்சினான். அதற்கும் அவன் மசியவில்லை.

"பத்து வருஷமா நடுவுல நான்தான் ஆடுனேன்" என்றான். "எல்லாப் பந்தும் என் வழியாத்தான் போகும். இப்ப நான் யாரு?"

சாமி, ஏதோ சமையல் குறிப்புக் கேட்பவர் போலக் கேட்டார்.

"பந்து வந்தா என்ன பண்ணுவீங்க?"

"குடுத்துருவேன்."

"உடனேயா?"

"உடனே. வச்சிருந்தா பிடுங்கிருவானுங்க."

"அப்ப ஒரு ஆட்டம் முழுக்க, பந்து உங்க கால்ல எவ்வளவு நேரம் இருக்கும்?"

இப்படி அவனை யாரும் கேட்டதில்லை. மனசுக்குள் கூட்டிப் பார்த்தான். அவனுக்கே ஒரு மாதிரி இருந்தது.

"ரெண்டு நிமிஷம் இருக்கும்."

"மிச்ச நேரம்?"

"ஓடுவேன். கத்துவேன். நீ அங்க போடா, நீ இங்க வாடான்னு. தொண்டை கட்டிக்கும்."

"தொண்டைக்கும் ஆபரேஷன் ஆச்சா?"

"இல்ல."

"அப்ப நாளைக்குப் போய்க் கத்துங்க. நானும் வர்றேன்."

மறுநாள் அவன் வெளியே கிளம்பச் சட்டை மாட்டியதை அவன் மனைவி பார்த்தாள். எங்கே என்று கேட்கவில்லை. கேட்டால் கழற்றிவிடுவான் என்று அவளுக்குத் தெரியும்.

மைதானத்தில் கோட்டை ஒட்டி ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். சாமி பிளாஸ்க் நிறையப் பால் விடாத கட்டன் சாயாவோடு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். ஊதல் ஒலித்தது. முதலில் அருமைநாயகம் வாயே திறக்கவில்லை. பிறகு செவத்தையன் தப்பான பக்கம் ஓடுவதைப் பார்த்தான். பொறுக்க முடியவில்லை.

"இடது பக்கம் போடா!"

செவத்தையன் திரும்பிக்கூடப் பார்க்காமல் இடது பக்கம் போனான்.

அதுதான் தாமதம். அருமைநாயகம் பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டான். அவன் கத்தக் கத்த மேல்பாறை ஆட்கள் நகர்ந்தார்கள், விரிந்தார்கள், ஒரு கோலும் போட்டார்கள். கீழ்ப்பாறையும் ஒன்று போட்டது. அதைப் பற்றி யாருக்குக் கவலை? இடைவேளையில் அவன் முகம் சிவந்திருந்தது, தொண்டை கட்டியிருந்தது, மாதக்கணக்கில் இல்லாத பசியும் எடுத்தது.

"சொன்னது சரிதான்" என்றான். "நான் ஆடுற மாதிரியேதான் இருக்கு."

"அப்படியா" என்றார் சாமி. அவர் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழேயிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது.

அந்த மலையில் பனிக்காக ஆட்டத்தை நிறுத்துவதென்றால் எந்த ஆட்டமும் முடியாது. ஆகவே எஸ்டேட்டுகளுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. நடுவருக்குத் தன் ஷூ தெரிகிறவரை ஆட்டம் நடக்கும். பனிக்குள் கண்ணுக்கு வேலையில்லை, காதுக்குத்தான். யார் கூப்பிடுகிறானோ அவன் குரலைப் பார்த்து உதைக்க வேண்டும். கூப்பிடாதவனுக்குப் பந்து கிடையாது.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மைதானம் காணாமல் போனது. மேல்பாறை ஆட்கள் தடுமாறுவது காலடிச் சத்தத்திலேயே தெரிந்தது. பந்து யாரிடமோ இருக்கிறது, கூப்பிட ஆள் இல்லை. அருமைநாயகத்துக்குப் பத்து வருஷப் பழக்கம் வாயில் வந்துவிட்டது.

"இங்கடா! இங்க, இங்க!"

அருமையான பாஸ். பனியைக் கிழித்துக்கொண்டு நேராக வந்து, கோட்டைத் தாண்டி, பெஞ்சின் காலில் மோதி நின்றது.

கோட்டுக்கு வெளியே போன பந்து எதிராளிக்குத்தானே. கீழ்ப்பாறை ஆள் ஒருவன் பனிக்குள்ளிருந்து வந்து, கால் எப்படியிருக்கிறது என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு போனான்.

இனி வாயைத் திறப்பதில்லை என்று அருமைநாயகம் முடிவு செய்தான். அந்த முடிவு அடுத்த காலடிச் சத்தம்வரைதான் நின்றது.

"இங்கடா!"

மறுபடி பெஞ்சுக்கே வந்தது பந்து. அதே ஆள் வந்தான்.

"ரொம்ப நன்றிண்ணே" என்றான். "இன்னிக்கு நீங்க எங்களுக்குத்தான் ஆடுறீங்க."

சாமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, காவியால் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அருமைநாயகத்துக்கு அழுகை வரும்போல இருந்தது. தன் ஆட்கள் தன்னைத்தான் நம்புகிறார்கள், இன்னும் தன் குரலுக்குத்தான் உதைக்கிறார்கள் என்பதில் ஒரு சந்தோஷமும் இருந்தது. அதை அவன் மறைக்கவில்லை.

மூன்றாவது தடவை அவன் கூப்பிட்டபோது பந்து உயரமாக வந்தது. சாமி எழுந்து, இரண்டு கையையும் நீட்டி, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பந்தை ஒழுங்காகப் பிடித்தார். பிடித்ததை அருமைநாயகத்தின் மடியில் வைத்தார்.

"வந்துருச்சுண்ணே. ஆடுங்க."

பந்து ஈரமாக, சில்லென்று இருந்தது. அடிபட்ட நாளிலிருந்து அவன் பந்தைத் தொட்டதில்லை. இரண்டு கையாலும் அதை அணைத்துக்கொண்டான். விட மனசு வரவில்லை.

கீழ்ப்பாறை ஆள் எதிரில் வந்து கையை நீட்டிக்கொண்டு நின்றான். பனிக்குள் இருபத்தோரு பேர் காத்திருந்தார்கள். ஒரு சத்தமும் இல்லை.

நடுவில் இப்போது அருமைநாயகத்தின் இடத்தில் ஆடுகிறவன் எபினேசர். அவனோடு அதே பேக்டரியில் தேயிலை சலிக்கிறவன். கால் நன்றாகவே ஓடும், வாய்தான் இல்லை. பந்து வேண்டுமென்றால் கையை உயர்த்துவான், அவ்வளவுதான். முதல் பாதியில் பலமுறை அப்படி உயர்த்தியதை அருமைநாயகம் பார்த்திருந்தான். இந்த நிமிஷமும் அவன் உள்ளே எங்கேயோ கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருப்பான். இந்தப் பனியில் அந்தக் கையை யார் பார்ப்பது?

அருமைநாயகம் எழுந்தான். பந்தைக் கீழ்ப்பாறை ஆளின் கையில் கொடுத்தான். வாயருகில் கையைக் குவித்துக்கொண்டான்.

"எபி! கையைத் தூக்காதடா. கூப்பிடு!"

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டான். முழங்கால் வலியைவிட அது கஷ்டமாக இருந்தது. சாமியின் காவித்துண்டைப் பிடித்து முறுக்கிக்கொண்டு நின்றான்.

பந்து உள்ளே போனது. காலடிகள். யாரோ விழுந்தான். செவத்தையன் மூச்சு வாங்குவது கேட்டது, பந்து அவனிடம் வந்துவிட்டது. அவன் ஒரு குரலுக்காகக் காத்திருந்தான். குரல் வரவில்லை. அருமைநாயகம் பல்லைக் கடித்தான்.

"இங்க" என்றது பனி.

புதுமாப்பிள்ளை மாமியார் வீட்டில் தண்ணீர் கேட்கிற மாதிரி ஒரு குரல்.

"எவன்டா அது?" என்று செவத்தையன் அதட்டினான்.

"நான்தான். எபினேசர்." பிறகு அந்தக் குரல் தன்னைத்தானே கேட்டுவிட்டதுபோல ஓங்கியது. "இங்கண்ணே! இங்க!"

பந்து உதைபடும் சத்தம். இன்னொரு உதை. வலை படபடத்தது. உடனே மேல்பாறை, கீழ்ப்பாறை இரண்டு பக்கத்து ஜனமும் ஒன்றாகக் கத்தியது. பனிக்குள் கோல் விழுந்தால் அப்படித்தான், யாருடையது என்று தெரியும்வரை எல்லோருக்கும் சொந்தம்.

"நம்ம கோலா? அவங்க கோலா?" அருமைநாயகம் துண்டை விடவில்லை.

சாமி காதைத் தீட்டிக்கொண்டு மேற்குப் பக்கம் கீழ்ப்பாறை கோலி நின்ற திசையைக் கவனித்தார்.

"அங்க ஒருத்தன் மட்டும் பேசாம நிக்கிறான்" என்றார். "அந்த மௌனம் எனக்கு நல்லாத் தெரியும்ணே."

அருமைநாயகம் நல்ல காலில் ஒரு குதி குதித்தான். ஊர் முன்னால் தான் கிழித்த அந்தப் பழைய கோலியைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தான். இரண்டு பேருமாகப் பெஞ்சில் விழுந்தார்கள். பிளாஸ்க் உருண்டது, நல்லவேளை உடையவில்லை.

ஊதல் ஒலித்து மறுபடி ஆட்டம் தொடங்கியது. பனி இன்னும் கெட்டியாகியிருந்தது. உள்ளே ஒரு குரல், செவத்தையனையே, அண்ணே நீங்க அந்தப் பக்கம் போங்க என்று விரட்டிக்கொண்டிருந்தது. செவத்தையன் முனகிக்கொண்டே போவதும் கேட்டது. அருமைநாயகத்துக்குச் சிரிப்பு வந்தது. ஒன்றுமே தெரியாத அந்த வெள்ளைப் பனியைப் பார்த்து விடாமல் சிரித்தான்.

"சாமி" என்றான். கூப்பிட்டதை அவனே கவனிக்கவில்லை. "இப்பப் பந்து யாருகிட்ட இருக்கு சாமி?"

சாமி மிச்சமிருந்த சாயாவை ஊற்றி அவனிடம் நீட்டினார்.

"நம்மகிட்ட இல்லண்ணே."