சடைச்சி செய்த ‘இது’

அந்தக் காலத்தில், மனிதர்களோடு விலங்குகளும் பறவைகளும் சரிசமமாகப் பேசித் திரிந்த நாளில், பெயர் வைக்காத பொருளை யாரும் எடுத்துப் புழங்கக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு இருந்தது. பெயர் வைப்பது மைனாவின் வேலை. உலக்கை, கலப்பை, முறம் எல்லாம் அது வைத்த பெயர்கள்தாம்.

மலையடிவாரத்தில் சடைச்சி என்று ஒருத்தி இருந்தாள். அவள் கை சும்மா இருக்காது. ஒரு நாள் மூன்று நீண்ட மரக்கழிகளைக் கால்களாகச் சேர்த்துக் கட்டி, உச்சியில் ஓர் உருளையைத் தொங்கவிட்டு, அதன்மேல் கயிற்றை ஓட்டி, மைனாவை அழைத்தாள்.

மைனா சுற்றிச் சுற்றி வந்தது. "மூன்று கால் இருக்கிறது, முக்காலி இல்லை. உருளை இருக்கிறது, வண்டி இல்லை. என்ன கண்றாவி இது? பெயர் தோன்றும்வரை தொடாதே!"

"எவ்வளவு கனத்தையும் தூக்கும், பாரேன்" என்றாள் சடைச்சி. மைனா பறந்துவிட்டது.

மழைக்காலம் வந்தது. பாழுங்கிணற்றில் ஒரு யானைக்கன்று விழுந்துவிட்டது. தாய் யானை கிட்டே வந்தால் கரை சரிந்தது. சடைச்சி ஆலம் விழுதைப் பிடித்து உள்ளே இறங்கி, கன்றின் தும்பிக்கையைத் தோளில் தாங்கிக்கொண்டாள். தண்ணீர் அவள் கழுத்துவரை ஏறிவிட்டது. மேலே ஊரார் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

தான் செய்த கருவி வந்தால் போதும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் என்னவென்று சொல்லிக் கேட்பது?

"ஏங்க! அந்த... அந்த... இதை எடுத்துட்டு வாங்க!" என்று புருஷன் நல்லானுக்குக் குரல் கொடுத்தாள்.

நல்லான் ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடினான். மைனா குறுக்கே பறந்தது. "நில்! அதற்குத்தான் பெயரே இல்லையே!"

"அவ சொன்னா, எனக்குப் புரிஞ்சுது. அப்புறம் என்ன? இதுக்குப் பேரு ‘இது’தான்!" என்று அவன் அதைத் தூக்கித் தோளில் வைத்தான்.

கிணற்றின் மேல் அதை நிறுத்தினார்கள். சடைச்சி கயிற்றைக் கன்றின் வயிற்றைச் சுற்றிக் கட்டினாள். மறுமுனையைத் தாய் யானை தூரத்தில் நின்று இழுத்தது. சேறு சொட்டச் சொட்டக் கன்று மேலே வந்தது. அடுத்த இழுப்பில் சடைச்சியும் வந்தாள்.

மைனா மெல்ல அவள் அருகில் இறங்கியது. "‘இது’ என்றால் எது என்று எல்லாருக்கும் எப்படித் தெரியும்?"

சடைச்சி கூந்தலைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "அவசரம் வரட்டும். தன்னால தெரியும்."

அன்று முதல்தான், பெயர் வாயில் வராத சாமான் எதுவானாலும் "அந்த இதை எடு" என்கிறோம். எதிரில் இருப்பவரும் சரியாக அதையே எடுத்து நீட்டுகிறார்.