பெட்டிக்கு நேர் எதிரே

ஸ்பீக்கர் பெட்டியில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு பாதியில் நின்றுபோனது.

கோயில் திடலில் வட்டமாகக் கும்மியடித்துக்கொண்டிருந்தவர்களின் கைகளும் அதோடு நின்றன. அதன் பிறகு ஒரே ஒரு கைதட்டல் மட்டும் தனியாக வந்து விழுந்தது.

அது மயிலாத்தாளுடையது.

"பெட்டி செத்ததுகூடத் தெரியலையா மயிலா?" என்றார் சென்னியப்பன். "எழவு வீட்டுல எல்லாரும் எந்திரிச்சுப் போனப்பறம் மாலையோட வர்ற ஆளு நீ."

திடலே சிரித்தது. மயிலாத்தாளும் சிரிப்பதுபோல வாயை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

ஆசிரியை சுகந்தி மட்டும் சிரிக்கவில்லை. அவள் எப்போதும் கோயில் மதிலோரம், பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பவள். அங்கிருந்து வட்டத்தைக் குறுக்கே கடந்து, மயிலாத்தாள் நின்ற இடத்துக்கு வந்தாள். அவளருகே நின்று பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தன் இடத்துக்குத் திரும்பிப் போனாள்.

சுகந்தி வயதில் அங்கிருந்த பாதிப்பேரைவிடச் சிறியவள். கும்மி கற்றுக்கொடுக்கிறவள் என்பதால் எல்லோருக்கும் அவள் டீச்சர். பாட்டும் மேளமும் ஒரு பென்டிரைவில் இருந்தன. அதைப் பாடவைக்கும் பெட்டிதான் இப்போது புகைந்துபோய்க் கிடந்தது.

பழுது பார்க்க வந்தவன் பின்பக்கத்தைக் கழற்றி மோந்து பார்த்தான். "உள்ள இருக்கற காயில் கம்பி கருகிப்போச்சுங். புதுசு வாங்கிக்குங்க" என்றான்.

பங்குனித் திருவிழாவில் அரங்கேற்றம். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் சேலையும் வேட்டியும் சலங்கையும் வாங்கியாகிவிட்டது. அதுபோக மிஞ்சியதில் ஒரு பெட்டிதான் வாங்கலாம். தப்பான பெட்டியாகப் போனால் மாற்றுவதற்கு வழியில்லை.

"நல்லா அலறுற பெட்டியா வாங்கோணும்" என்றார் சென்னியப்பன். குழுவுக்கு அவர்தான் பொறுப்பு. பெட்டிக்கு இந்தப் பக்கம் டீச்சர் நின்றால் அந்தப் பக்கம் அவர் நிற்பார். அவருடைய கை ஒருநாளும் தாளம் தப்பியதில்லை. "மயிலா, நீதான தெனமும் திருப்பூருக்கு வேலைக்குப் போற? உன் காதுக்குக் கேக்கற பெட்டியா நீயே பாத்து வாங்கியா. அதுக்கப்பறமும் கை பிந்துச்சுன்னு வையி, அரங்கேத்தத்தன்னிக்கு நீ சனத்தோட சனமா நின்னு வேடிக்கை பாரு."

"சரிங்ணா" என்றாள் மயிலாத்தாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் தீப்பெட்டியை எடுத்து வலது காதருகே ஆட்டிப் பார்த்தாள். குச்சிகள் உருளுவது கேட்டது. இடது காதருகே ஆட்டினாள். அதிலும் கேட்டது. இருந்தாலும் பயம் போகவில்லை. பனியன் கம்பெனியில் நாளெல்லாம் தையல் மெஷின்களின் இரைச்சலில் நின்று தைத்த பீஸ்களைச் சரிபார்க்கிறவள் அவள். அங்கே வேலை பார்த்துக் காது போனவர்களை அவளுக்குத் தெரியும். போகும்போது யாருக்கும் தெரிவதில்லை என்பார்கள்.

மறுநாள் கடைக்குப் போனாள்.

"இதைப் பாருங்கக்கா" என்றான் விற்பனைப் பையன். இடுப்புயரப் பெட்டி. கீழே சக்கரம், முன்னால் வண்ண விளக்கு. அவன் போட்ட பாட்டில் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. "நெஞ்சு குலுங்குதுங்களா?"

குலுங்கியது. கையிலிருந்த பணத்துக்கும் சரியாக இருந்தது.

"இதுக்குக் கரண்டு வேணுமா தம்பி?"

"பேட்டரி பேருக்குத்தானுங்க. கரண்டுல போட்டாத்தான் இந்தச் சத்தம்."

அலமாரியின் கீழ்த்தட்டில் கைப்பிடி வைத்த சின்னப் பெட்டி ஒன்று இருந்தது. அதைக் கேட்டாள்.

"அது பேட்டரியிலயே சாயங்காலம் முழுக்கப் பாடுமுங்க. ஆனா சின்னது. வீட்டுக்குத்தான் ஆகும். திடலுக்கெல்லாம் ஆகாது."

பெரிய பெட்டிக்கே பணத்தை எண்ணிக் கொடுக்கப் போனவள், ஒருமுறை கேட்டுவிடலாம் என்று டீச்சருக்குப் போன் போட்டாள்.

"வாங்காதீங்கக்கா" என்றாள் சுகந்தி. "சாயங்காலம் திடலுக்கு வாங்க."

அன்று பயிற்சி இல்லை. திருவிழாப் பந்தலுக்கு மதிலோரம் முளையடித்துக்கொண்டிருந்தார்கள். பழைய பெட்டி இருந்த இடத்துக்குப் பக்கத்தில், தலையில் துண்டு கட்டிய ஒருவர் சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்தார்.

"எந்தப் பெட்டிங் டீச்சர் வாங்கட்டும்?" என்றாள் மயிலாத்தாள்.

"நீங்க நிக்கற இடத்துல போய் நில்லுங்கக்கா."

மதிலுக்கு நேர் எதிரே, திடலின் கடைசியில் போய் நின்றாள். சுகந்தியும் கூடவே வந்து நின்றாள்.

"அவர் அடிக்கறதுக்குச் சேந்தாப்பல கை தட்டுங்க."

மயிலாத்தாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அடி ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. அதோடு சேர்ந்து தட்டினாள்.

"ஏன் கண்ணை மூடிட்டீங்க?"

"நான் எப்பவும் இப்படித்தானுங். பக்கத்தாளோட கையைப் பாத்து அடிக்காதீங்க, பாட்டைக் கேட்டு அடிங்கன்னு மொத நாளே சொன்னீங்கல்ல."

சுகந்தி இரண்டு பக்கத்துக் காலியிடத்தையும் கையால் காட்டினாள்.

"இங்க நிக்கற மத்தவங்க?"

"அவங்கெல்லாம் எதிர்ல பெட்டிக்கிட்ட நிக்கறவங்க கையைப் பாத்து அடிக்கறாங்க. நீங்க சொன்னதை நான் எப்படிங் மீறுறது?"

"இப்பக் கண்ணைத் திறந்து சம்மட்டியைப் பாருங்கக்கா."

மயிலாத்தாள் பார்த்தாள். சம்மட்டி இறங்கி முளைத்தலையில் விழுந்தது. சத்தம் இல்லை. அது மேலே எழும்பத் தொடங்கிய பிறகுதான் 'டொக்' என்று வந்தது.

கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தாள். மறுபடியும் அப்படியே.

"வாங்க" என்று சுகந்தி அவளை நடத்திக்கொண்டு போனாள். நடக்க நடக்க விழுவதும் கேட்பதும் நெருங்கின. ஆளுக்குப் பக்கத்தில் போனபோது இரண்டும் ஒன்றாயின. மயிலாத்தாள் நின்றாள். பிறகு யாரும் சொல்லாமல் தானே பின்னோக்கி நடந்தாள். இரண்டும் மறுபடி பிரிந்தன. முன்னால் வந்தாள். சேர்ந்தன.

சம்மட்டிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "ஏனுங்க, இந்தம்மா என்னத்தையாச்சும் தொலைச்சிட்டாங்களா?"

"இல்லீங்ணா, கண்டுபிடிச்சிட்டிருக்காங்க" என்றாள் சுகந்தி.

தன் இடத்துக்கே ஓடிவந்து நின்றாள் மயிலாத்தாள். மூச்சு வாங்கியது. "அப்ப என் காது?"

"நல்லாத்தான் இருக்குது. சத்தம் வந்தவுடனே உங்க கை அடிக்குது."

"அது வர்றதுதான் மெதுவா வருதுங்களா?"

"அத்தனை தூரம் நடந்து வரணுமுல்ல."

மயிலாத்தாள் யோசித்தாள். "பெரிய பெட்டியா இருந்தா வெரசா வந்துராதுங்களா?"

சுகந்தி கையை வாயருகே குவித்து, "அண்ணா! உங்க பலத்தையெல்லாம் காட்டி ஒரு அடி அடிங்க!" என்று கூவினாள்.

அவர் எச்சில் தொட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டு சம்மட்டியைத் தலைக்கு மேலே ஓங்கி இறக்கினார். முளை பாதி உள்ளே போனது. சத்தம் மதிலில் மோதித் திரும்பும் அளவுக்கு இருந்தது.

ஆனால் முன்பு போலவே அதே அளவு நேரம் கழித்துத்தான் வந்தது.

மயிலாத்தாள் முளையைப் பார்த்தாள். தான் நின்ற இடத்தைப் பார்த்தாள். பிறகு ஆளில்லாத வட்டத்தின் நடுவைப் பார்த்தாள்.

"டீச்சர், எந்தப் பெட்டின்னு நீங்க இன்னும் சொல்லலீங்களே."

"கடை எட்டு மணிக்குப் பூட்டிருவாங்கக்கா" என்றாள் சுகந்தி. "ஓடுங்க."

அடுத்த பயிற்சிக்கு மயிலாத்தாள் அந்தச் சின்னப் பெட்டியை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இதென்ன சோத்துப் போசியா?" என்றார் சென்னியப்பன், தூக்குவாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்து. "பணத்தைக் குடுத்துவிட்டா தூக்குப்போசி வாங்கியாந்திருக்கா. சரி சரி, கொண்டா. இங்க மதிலோரத்துப் பிளக்குல சொருகு."

"பிளக்கு வேண்டாமுங்ணா."

அவரைத் தாண்டி நடந்து, வட்டத்தின் நடுவில், எல்லோருக்கும் ஒரே தூரத்தில், பூசாரி வீட்டு முக்காலியைப் போட்டு, அதன்மேல் பெட்டியை வைத்தாள். எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள்.

"இனிமே யாரும் யாரோட கையையும் பாக்க வேண்டாம்" என்றாள் சுகந்தி. "பெட்டி பாடறதைக் கேட்டு அடிங்க."

பாட்டு தொடங்கியது.

"எனக்குச் சரியாக் கேக்கலையே" என்றார் சென்னியப்பன்.

"காதைக் குடுத்துக் கேளுங்க மாமா" என்றாள் அவருக்குப் பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண்.

முதல் அடி சிதறியது. இரண்டாவதில் பாதிப்பேர் சேர்ந்தார்கள். பிறகு ஒரு அடி விழுந்தது. ஒரே ஒரு அடி. அடித்தவர்களே திடுக்கிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மயிலாத்தாள் யாரையும் பார்க்கவில்லை. அவள் கண்ணை மூடியிருந்தாள்.

அரங்கேற்றத்தன்று சுற்று வட்டார சனமெல்லாம் திடலில் கூடியிருந்தது. விழாக் கமிட்டி மதிலோரம் ஆளுயர ஸ்பீக்கர்களை அடுக்கியிருந்தது. மைக்செட்காரர் பென்டிரைவைக் கேட்டுக் கையை நீட்டினார்.

"இதுல போட்டா மூணு ஊருக்குக் கேக்குமுங்க."

சென்னியப்பனின் முகம் மலர்ந்தது. "இதுதானப்பா பெட்டி! மயிலா, உன் போசியை ஓரமா வையி."

மயிலாத்தாள் சுகந்தியைப் பார்த்தாள்.

"பெட்டி வாங்கினது நீங்கதானக்கா" என்றாள் சுகந்தி. "நீங்களே சொல்லுங்க."

பெரிய ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டால் மயிலாத்தாளின் கை மறுபடியும் பிந்தும். அதை மூன்று ஊர் பார்க்கும். சின்னப் பெட்டியில் போட்டு சனத்துக்குக் கேட்காமல் போனால், இத்தனை பேரின் அரங்கேற்றத்தையும் அவள் ஒருத்தி கெடுத்தவளாவாள்.

"உங்க ஸ்பீக்கரை அணைச்சிருங்" என்றாள் மைக்செட்காரரிடம்.

"ஏக்கா, சனத்துக்கு என்ன கேக்கும்?"

"எங்க கை கேக்கும்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடுவுக்குப் போனாள். கூட்டத்திலிருந்து சீழ்க்கை பறந்தது. "அக்கா, சோறு கொண்டாந்திருக்கீங்களா?" என்று யாரோ கத்தினார்கள். "சத்தமே வரலையே!" என்றது இன்னொரு குரல். அவள் பாட்டைப் போட்டுவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பி நடந்தாள். மதிலுக்கு நேர் எதிரே அதே இடம்.

கண்ணை மூடினாள்.

முதல் அடி விழுந்தது.

சீழ்க்கை அடித்தவன் விரலை வாயிலிருந்து எடுத்தான். இரண்டாவது அடியில் பேச்சு நின்றது. அத்தனை கைகளும் ஒரே கையாக விழுந்தன, அத்தனை சலங்கைகளும் ஒரே காலில் கட்டியதுபோல ஒலித்தன. பெட்டியின் பாட்டு இப்போது சனத்துக்கும் கேட்டது. ஏனென்றால் சனம் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. வேகம் ஏறியது. அடி பிரியவில்லை. பந்தல்காலில் சாய்ந்து நின்றிருந்த சம்மட்டிக்காரர் சாய்ந்ததை விட்டு நிமிர்ந்தார். மைக்செட்காரர் தன் ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வட்டத்தைப் பார்த்தார்.

கடைசி அடி விழுந்தது.

இந்த முறை அதற்குப் பிறகு தனியாக ஒரு கைதட்டலும் வரவில்லை. அப்புறம் மூன்று ஊரும் சேர்ந்து கத்தியது.

யாரோ மயிலாத்தாளைத் தூக்கிச் சுற்றினார்கள். சென்னியப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு இரண்டு டம்ளர் நீர்மோரோடு வந்தார். ஒன்றை அவளிடம் நீட்டினார். மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"குடி மொதல்ல" என்றார். "குடிச்சுப்போட்டு அந்தப் பெட்டியைத் தூக்கிட்டு முன்னால நட. உனக்குப் பின்னாலதான் நாங்க சாமிகிட்டப் போறோம்."

அவள் முன்னால் நடந்தாள். ஒற்றைக் கையில் பெட்டி. வட்டம் முழுக்கச் சலங்கை ஒலிக்க அவள் பின்னால் வந்தது.

கற்பூரம் காட்டி முடிந்து கூட்டம் கலைந்தபோது, மதிலோரம் சுகந்தி தனியாகச் சலங்கையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். மயிலாத்தாள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவளருகே உட்கார்ந்தாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்கக்கா."

"பாட்டைக் கேட்டு அடிங்கன்னு நீங்க சொன்னீங்க. நான் அதைத்தானுங் செஞ்சேன். கையைப் பாத்து அடிச்சவங்கெல்லாம் சரியா அடிச்சாங்க. நான் மட்டும் பிந்தினேன். நீங்க சொன்னது தப்புங்களா, நான் கேட்டது தப்புங்களா?"

சுகந்தி சலங்கையை மடியில் வைத்தாள்.

"சொன்னப்ப நான் பெட்டிக்குப் பக்கத்துல நின்னுட்டிருந்தேனுங்க" என்றாள்.